ஓட்டத்தைச் சொன்னால் காரைச் சொல்லலாம்

(தொலைக்காட்சிக் கருத்துக்களம் ஒன்றில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்திருக்கும் நேரத்தில் நாம் ஒரு விளையாட்டு விளையாடப் போகிறோம். ஒரு கார் எப்படி ஓடும் என்று நான் சொல்வேன். அது எந்தக் கார் என்று நீங்கள் சொல்ல வேண்டும். "ஓடுவதைச் சொன்னால் பெயரைச் சொல்ல முடியுமா?" என்று இரண்டாவது வரிசையில் ஓர் ஐயா இப்போதே சிரிக்கிறார். முடியும், ஐயா. இந்த விளையாட்டில் தேறியவர் சாலையில் தன் உயிரையும் பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் உயிரையும் காப்பாற்றிக்கொள்வார் என்றும் சொல்ல வந்திருக்கிறேன்.

தொலைக்காட்சியில் வேலை செய்பவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. பாதி வேலையைப் படம் செய்துவிடும். பளபளக்கும் சிவப்புக் கார் ஒன்றைத் திரையில் காட்டினால் போதும், "ஆகா" என்று நீங்களே சொல்லிக்கொள்வீர்கள். ஆனால் தகவல் ஊடகத் துறையில் டிப்ளோமா படிக்கும்போது, வானொலிப் பாடத்தில் இதற்கு நேர்மாறான பயிற்சி தருவார்கள். படமில்லாமல் ஒரு பொருளை விளக்க வேண்டும். "அழகானது", "அருமையானது" என்று சொன்னால் மதிப்பெண் கிடையாது. கேட்பவர் கண்ணை மூடிக்கொண்டே அந்தப் பொருளைக் கண்டுபிடிக்க வேண்டும். நம் பாட்டிமார் திண்ணையில் உட்கார்ந்து விடுகதை போட்டார்களே, அதே வித்தைதான்.

இன்றைய விடுகதைகள் எல்லாம் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றியவை. நிறம், விளக்கு, சின்னம் எதையும் சொல்ல மாட்டேன். கைக்கும் காலுக்கும் காதுக்கும் முதுகுக்கும் தெரிவதை மட்டும் சொல்வேன். இந்தக் கார்கள் என் வீட்டு வாசலில் நிற்பவை அல்ல. ஓட்டியவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லியும் எழுதியும் வைத்ததைத்தான் சொல்கிறேன். வெவ்வேறு நாட்டில், வெவ்வேறு சாலையில் ஓட்டியவர்கள் ஒரே குறையையும் ஒரே நிறையையும் சொல்கிறார்கள் என்றால், அது அந்தக் காரின் குணம்தானே?

எடை எங்கே இருக்கிறது?

விளையாட்டுக்கு முன் ஒரு சின்னப் பாடம். ஒரு கார் சாலையைத் தொடும் இடம் எவ்வளவு தெரியுமா? நான்கு டயர்களுக்கும் சேர்த்து நான்கு உள்ளங்கை அகலம்தான். அந்த நான்கு உள்ளங்கைகளில் எதன்மேல் எவ்வளவு பாரம் இருக்கிறது என்பதை வைத்தே கார் நல்ல பிள்ளையாகவும் முரட்டுப் பிள்ளையாகவும் நடந்துகொள்கிறது.

காரில் அதிகப் பாரமான பொருள்களில் ஒன்று எஞ்சின். அதை முன்னால் வைக்கலாம், நடுவில் வைக்கலாம், பின்னாலும் வைக்கலாம். சைக்கிள் கேரியரில் அரிசி மூட்டை ஏற்றி மிதித்தவர்களுக்கு இது உடனே புரியும். மூட்டை பின்னால் இருந்தால் முன்சக்கரம் இலேசாகி ஆடும். முன் கூடையில் பாரம் வைத்தால் ஹேண்டில் கனத்துவிடும். இந்தச் சைக்கிளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் விடைகளில் பல அதற்குள் இருக்கின்றன.

முதல் விடுகதை: படகின் பின்முனையில் இருப்பவர்

இந்தக் காரில் உட்கார்ந்தால் ஒரு நீளமான படகின் பின்முனையில் உட்கார்ந்தது போலிருக்கும். கண்ணுக்கு முன்னால் வெகுதூரம் போய்த்தான் காரின் மூக்கு முடிகிறது. பின்சக்கரமோ உங்கள் இடுப்புக்குச் சற்றுப் பின்னால். வளைவில் மூக்கு முதலில் திரும்பும், நீங்கள் அதன் பின்னால் சுற்றி வருவீர்கள். சாலை மேடு பள்ளமாக இருந்தாலும் முதுகு நோகாது. எஞ்சினுக்கு அவசரமே இல்லை, எந்த வேகத்திலிருந்தும் வழவழவென்று இழுக்கும். கியர் மட்டும் பிடிவாதம் பிடிக்கும். மெதுவாக, பொறுமையாகப் போட வேண்டும். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது முதல் கியருக்கு இறக்கினால் பல்லை நறநறவென்று கடிக்கும். வேகமெடுப்பதில் உள்ள சுறுசுறுப்பு பிரேக்கில் இல்லை.

அங்கே ஒரு தம்பி "ஃபெராரி" என்கிறார். இல்லை, தம்பி. மேடு பள்ளத்தில் முதுகு நோகாது என்று சொன்னேன், கவனித்தீர்களா?

விடை, ஜாகுவார் ஈ-டைப். 1961-இல் ஜெனிவா கண்காட்சியில் உலகம் அதைப் பார்த்தது. 3.8 லிட்டர் எஞ்சினில் ஆறு சிலிண்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்கும். அதனால்தான் மூக்கு அவ்வளவு நீளம். பின்சக்கரங்கள் இரண்டும் தனித்தனி ஸ்பிரிங்கில் இயங்கியதால் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் அடுத்தது குலுங்காது. முதல் கியருக்கு மட்டும், பற்களை இணக்கமாகச் சேர்த்துவைக்கும் சிங்க்ரோமெஷ் அமைப்பு இல்லை. நறநறவென்ற சத்தத்துக்குக் காரணம் அதுதான். 1964-இல் 4.2 லிட்டர் எஞ்சினோடு வந்த அடுத்த வகையில் கியர்பாக்ஸை மாற்றிவிட்டார்கள், பிரேக்கையும் தேற்றிவிட்டார்கள். ஆகவே அந்த ஒரு சத்தத்தை வைத்தே காரின் பெயரோடு அது எந்தக் காலத்தது என்பதையும் சொல்லிவிடலாம்.

நம் வட்டாரத்துக்கும் இந்தக் காருக்கும் உறவு உண்டு. சிங்கப்பூரின் அப்பர் தாம்சன் சாலையை அடைத்து நடத்திய பந்தயத்தில் 1962-ஆம் ஆண்டு யோங் நாம் கீ வென்றது ஈ-டைப் காரில்தான். பாம்பு போல் நெளியும் வளைவுகளும், சைத்தான் வளைவு என்று பெயரெடுத்த திருப்பமும் உள்ள பாதை அது. இன்று அதே சாலையில் பேருந்தும் வேனும் போகின்றன.

இரண்டாவது விடுகதை: கேரியரில் அரிசி மூட்டை

அடுத்தது. இந்தக் காரில் ஸ்டியரிங் உங்கள் கையில் சும்மா இருக்காது. சாலையில் ஒரு சிறு மேடு வந்தாலும் விரல் நுனியில் வந்து சொல்லிவிட்டுப் போகும். மூக்கு இலேசாக மேலும் கீழும் ஆடும். பெடல்கள் மேலிருந்து தொங்காமல் தரையிலிருந்து முளைத்திருக்கும். சத்தம் முழுவதும் பின்னாலிருந்து வரும். தண்ணீர் சுற்றாத எஞ்சினுக்கே உரிய, உலோகம் கலகலக்கும் சத்தம். வளைவிலிருந்து வெளியே வரும்போது ஆக்சிலேட்டரை மிதித்தால் பின்பக்கம் சாலையில் ஆணி அடித்தது போல் பதிந்து உந்தித் தள்ளும். ஆனால் வளைவின் நடுவே பயந்துபோய்க் காலை எடுத்தீர்களோ, பின்பக்கம் முன்னால் வர ஆசைப்படும்.

இதற்குப் பல கைகள் உயர்கின்றன. ஆம், போர்ஷே 911. 1963-இல் பிராங்க்ஃபர்ட் கண்காட்சிக்கு வந்தபோது அதன் பெயர் 901. நடுவில் பூஜ்யம் உள்ள மூன்று இலக்கப் பெயர் தங்களுக்கு உரியது என்று பிரான்சின் பெஜோ நிறுவனம் மறுப்புத் தெரிவித்ததால் அது 911 ஆனது.

இதில் எஞ்சின் பின்சக்கரத்தின் அச்சுக்கும் பின்னால் இருக்கிறது. நம் அரிசி மூட்டைதான். முன்பக்கம் இலேசு, அதனால் ஸ்டியரிங் பேசுகிறது. பின்பக்கம் கனம், அதனால் மிதிக்கும்போது நல்ல பிடிப்பு. ஆனால் வளைவில் காலை எடுத்தால் காரின் பாரம் முன்னால் சாய்கிறது. பின் டயர்களின் பிடி குறைகிறது. கனமான பின்பக்கம் வளைவுக்கு வெளியே வீசப்படுகிறது. ஆரம்ப ஆண்டுகளில் இதைத் தணிக்க முன் பம்பரின் இரு மூலைகளிலும் தலா 11 கிலோ இரும்புக் கட்டிகளை வைத்துப் பார்த்தார்கள். 1969-ஆம் ஆண்டு மாடலிலிருந்து முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலான தூரத்தை 57 மில்லிமீட்டர் கூட்டினார்கள். அந்தச் சிறு நீளம் காரின் குணத்தை மாற்றியது.

911 ஓட்டியவர்கள் பின்வந்தவர்களுக்குச் சொன்ன பாடம் ஒன்றே. வேகத்தை வளைவுக்கு முன்பே குறை. நேராக இருக்கும்போது பிரேக் போடு. வளைவுக்குள் நுழைந்த பிறகு பதறிக் காலை எடுக்காதே. நம் தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலையில் எந்தக் காரில் போனாலும் இந்தப் பாடம் பொருந்தும்.

மூன்றாவது விடுகதை: கால் மடங்கும் நாற்காலி

இந்தக் காரில் ஏறுவதே ஒரு வேலை. கதவின் அடிப்பலகை தொடை உயரத்துக்கு அகலமாக நிற்கும். ஏறுவதற்கு வசதியாக ஸ்டியரிங் சக்கரத்தை மடக்கிவிட்டு உட்கார வேண்டும். உட்கார்ந்த பிறகு புழுக்கம், ஏனென்றால் கண்ணாடியைக் கீழே இறக்க வழியில்லை. நேர்சாலையில் இதற்கு இணையே இல்லை. மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டியும் அலட்டிக்கொள்ளாமல் போகும். ஆனால் வேகமான வளைவில், அதுவும் ஈரச் சாலையில், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் பின்பக்கம் உயர்ந்து, சட்டென்று வழுக்கிவிடும். 911 எச்சரித்துவிட்டு அடிக்கும். இது அடித்த பிறகுதான் சொல்லும்.

விடை, 1954-இல் வெளிவந்த மெர்சிடீஸ் 300 எஸ்எல். இறக்கை விரிப்பது போல் கதவு மேலே திறக்கும் கார். கதவைச் சொன்னால் குழந்தைகூடக் கண்டுபிடிக்கும் என்பதால்தான் அதைச் சொல்லவில்லை. மெல்லிய குழாய்களைக் கூண்டாகப் பற்றவைத்துச் செய்த சட்டகம் அது. கூண்டின் உறுதிக்காகப் பக்கவாட்டில் உயரம் தேவைப்பட்டது. அதனால்தான் அடிப்பலகை உயர்ந்தது, கதவும் மேலே போனது.

வழுக்குவதற்குக் காரணம் பின் அச்சு. இரண்டு பக்கத்துத் தண்டும் நடுவில் மட்டும் கீல் போட்டு ஆடும். வேகமாக வளையும்போது காரின் பின்பக்கம் மேலே எழும்பினால், வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடங்கிவிடும். கால் மடங்கும் நாற்காலியில் உட்கார்ந்த கதைதான். டயர் சாலையைத் தொடும் உள்ளங்கை அகலம் ஒரு விரல் அகலமாகச் சுருங்கிவிடும். 1957-இல் வந்த திறந்த கூரை வகையில் மெர்சிடீஸ் இந்தக் கீலைத் தாழ்வான இடத்துக்கு மாற்றியது. கார் அடங்கியது.

இதே வகை அச்சு, சாதாரணக் குடும்பங்கள் வாங்கும் கார் ஒன்றிலும் வந்தது என்பதுதான் கவனிக்க வேண்டிய செய்தி. அமெரிக்காவின் செவர்லே கோர்வேர், 1960-ஆம் ஆண்டு மாடல். எஞ்சின் பின்னால், பின் அச்சு இந்த மடங்கும் வகை. கார் நிதானமாக இருக்க முன் டயரில் 15 பவுண்டு, பின் டயரில் 26 பவுண்டு காற்று வைக்கச் சொன்னது நிறுவனம். எத்தனை பேர் அதைப் பார்த்துக் காற்றடிப்பார்கள்? நான்கு டயருக்கும் ஒரே அளவு அடிப்பதுதானே வழக்கம்? பின்பக்கம் வீசித் தடுமாறிய விபத்துகள் வழக்கு மன்றம் ஏறின. வழக்கறிஞர் ரால்ஃப் நேடர் 1965-இல் எழுதிய கார் பாதுகாப்பு நூலின் முதல் அத்தியாயமே கோர்வேர் பற்றியதுதான். அடுத்த ஆண்டு, 1966-இல், அமெரிக்காவில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. கோர்வேர் தன் காலத்துக் கார்களைவிட மோசமானதல்ல என்று 1972-இல் அந்நாட்டு அரசின் ஆய்வு சொன்னதையும் நியாயத்துக்காகச் சொல்லிவிடுகிறேன்.

எது சரி என்ற வாதம் ஒருபுறம் இருக்கட்டும். பந்தய வீரர் ஒரு காரின் குணத்தைத் தெரிந்துகொண்டு ஓட்டுகிறார். மளிகைச் சாமான் வாங்கப் போகும் குடும்பத்துக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை. அங்கேதான் ஆபத்து.

நான்காவது விடுகதை: பம்பரம்

இனி வருவது காதுக்கான விடுகதை. பன்னிரண்டு சிலிண்டர்கள் உங்கள் பிடரிக்குப் பின்னால் உறுமுகின்றன. கார்ப்பரேட்டர்கள் காற்றை உறிஞ்சும் ஓசை காதுக்குள்ளேயே கேட்கிறது. பக்கத்தில் இருப்பவரிடம் பேச வேண்டுமென்றால் கத்த வேண்டும். உள்ளே அடுப்படி வெப்பம். பாரம் நடுவில் இருப்பதால் பம்பரம் மாதிரி பட்டென்று திரும்பும். ஆனால் மிக அதிக வேகத்தில் ஒரு வேடிக்கை நடக்கும். ஸ்டியரிங் கனப்பதற்குப் பதிலாக இலேசாகும், மூக்கு பறக்கப் பார்க்கும். எண்ணெய் டாங்கி காலியாகக் காலியாக இந்தப் பயம் கூடும்.

"லம்போர்கினி" என்று ஒரு சகோதரி சொல்கிறார். சபாஷ்! லம்போர்கினியில் எது? மியூரா. 1966.

பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சினை முதுகுக்குப் பின்னால் குறுக்காகப் படுக்கவைத்தார்கள். அந்த வேலையைச் செய்த பொறியாளர் ஜான் பவுலோ டல்லாராவுக்கு அப்போது முப்பது வயதுகூட நிரம்பவில்லை. எண்ணெய் டாங்கி முன்பக்கம் இருந்தது. டாங்கி நிறைந்திருந்தால் அது மூக்குக்குப் பாரம். எண்ணெய் குறைந்தால் பாரமும் குறையும். மூக்கின் மேலும் கீழும் ஓடும் காற்று அதை மேலே தூக்கும். இப்போது யோசித்துப் பாருங்கள். ஒரே கார், ஒரே ஓட்டுநர், ஒரே சாலை. புறப்பட்டபோது ஒரு குணம், ஒரு மணி நேரம் கழித்து வேறொரு குணம். காரின் குணம் கல்லில் செதுக்கியதல்ல. எண்ணெய், சுமை, டயர்க் காற்று, மழை எல்லாம் அதை மாற்றும். பெருநாளுக்குக் குடும்பத்தோடு ஊருக்குப் போகும்போது, பின்னால் மூன்று பேர், பூட் நிறைய பை என்றால், உங்கள் காரும் அன்று வேறு கார்தான்.

ஐந்தாவது விடுகதை: கையில் இருக்கும் பட்டம்

இந்தக் காரில் ஏறினால் அணிந்துகொண்டது போலிருக்கும். எஞ்சின் சிறியது, 1.6 லிட்டர்தான். ஸ்பிரிங் மென்மை, வளைவில் உடம்பு நன்றாகச் சாயும். "இது என்ன ஸ்போர்ட்ஸ் கார்?" என்று தோன்றும். ஆனால் சாய்ந்தபடியே விடாமல் பிடித்துக்கொண்டு போகும். ஸ்டியரிங்கில் உதவி மோட்டார் எதுவும் இல்லை, ஆனாலும் இரண்டு விரலால் திருப்பலாம். பட்டத்து நூலைப் பிடித்தவனுக்கு மேலே காற்று எப்படி என்று விரலே சொல்லுமே, அதுபோல் டயருக்கு எவ்வளவு பிடி மிச்சம் இருக்கிறது என்று இந்த ஸ்டியரிங் சொல்லும். ஒரே ஒரு வினோதப் பழக்கம். கிளட்சைப் பதமில்லாமல் விட்டால் வண்டி ரப்பர் வில்லில் மாட்டியது போல் முன்னும் பின்னும் துள்ளிக்கொண்டு கிளம்பும்.

கடினமான விடுகதைதான். இது 1962-இல் வந்த லோட்டஸ் எலான். அந்தத் துள்ளல்தான் அடையாளம். பின்சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் தண்டுகளில் ரப்பர் இணைப்புகளைப் பொருத்தியிருந்தார்கள். கிளட்ச் விடும்போது அந்த ரப்பர் முறுக்கிக்கொண்டு பிறகு அவிழும். மோட்டார் பந்தய உலகில் புகழ்பெற்ற காலின் சாப்மனின் நிறுவனம் செய்த கார் இது. நடுவில் முதுகெலும்பு போல் ஓர் எஃகுச் சட்டம், மேலே கண்ணாடியிழை உடல். எடை 700 கிலோவுக்குள் அடங்கியது. இன்றைய சிறிய குடும்பக் கார்கள் பலவும் ஒரு டன்னை நெருங்குகின்றன. எடை இல்லாததால் ஸ்பிரிங்கை இறுக்கத் தேவையில்லை, அகலமான டயர் தேவையில்லை, ஸ்டியரிங்குக்கு உதவியும் தேவையில்லை. மெக்லாரன் எஃப்1 என்ற அதிவேகக் காரை 1990-களில் உருவாக்கிய கார்டன் மர்ரே, எலானின் ஸ்டியரிங் தரும் உணர்வைத் தன் காரில் கொண்டுவர முடியவில்லையே என்று வருத்தப்பட்டவர். விலை உயர்ந்தால் எல்லாம் உயர்ந்துவிடும் என்று நினைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

ஆறாவது விடுகதை சின்னது. ஏறக்குறைய எலான் போலவே பேசும் ஸ்டியரிங். மணிக்கட்டை அசைத்தாலே விழும் கியர். முன்பாரமும் பின்பாரமும் சரிபாதி. ஆனால் காலையில் சாவியைத் திருப்பினால் தவறாமல் கிளம்பும். எது?

ஆமாம், மாஸ்டா எம்எக்ஸ்-5. 1989. குதிரையும் அதில் ஏறியவரும் ஓருடலாவதைக் குறிக்கும் 'ஜின்பா இத்தாய்' என்ற சொல்லை ஜப்பானியப் பொறியாளர்கள் தங்கள் இலக்காக வைத்துக்கொண்டார்கள். 2016-இல் பத்து லட்சமாவது எம்எக்ஸ்-5 தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. குதிரைத்திறனைக் கூட்டிக் காட்டாமல், ஓட்டும் உணர்வை நம்பிச் செய்த காருக்கு இத்தனை பேர் பணம் கொடுத்திருக்கிறார்கள்.

நம் காரும் பேசுகிறது

இனி முக்கியமான கேள்வி. "எங்களிடம் ஜாகுவாரும் இல்லை, போர்ஷேயும் இல்லை. இந்த விடுகதையால் என்ன பயன்?"

நம் வீட்டுக் கார்கள் பெரும்பாலும் முன்சக்கரம் இழுப்பவை. எஞ்சினும் முன்னால், இழுப்பதும் முன்னால், திரும்புவதும் முன்னால். சைக்கிளின் முன் கூடையில் மூட்டை வைத்த கதை. வளைவில் வேகம் மிஞ்சிவிட்டால் ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் மூக்கு நேராகப் போகப் பார்க்கும். பலர் அந்த நேரத்தில் இன்னும் திருப்புகிறார்கள். அது டயரின் மிச்சப் பிடியையும் தின்றுவிடும். ஆக்சிலேட்டரை மெல்லத் தளர்த்தி, முன் டயருக்கு மூச்சுவிட இடம் கொடுப்பதே வழி.

மழைநாளில் நெடுஞ்சாலையில் போகும்போது ஸ்டியரிங் திடீரென்று வெண்ணெய் போல் இலேசாகிறதா? டயர் சாலையை விட்டுத் தண்ணீர்ப் படலத்தின் மேல் ஏறிவிட்டது என்று பொருள். அப்போது பிரேக்கை அழுத்தி மிதிக்காதீர்கள். ஸ்டியரிங்கை வெட்டாதீர்கள். நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்சிலேட்டரிலிருந்து மெல்லக் காலை எடுங்கள். அந்த இலேசு ஒரு செய்தி. மியூரா ஓட்டியவர்களுக்கு அதிவேகத்தில் வந்த செய்தி நமக்கு மழையில் வருகிறது.

"இப்போதைய கார்களில் எல்லாவற்றையும் கணினி பார்த்துக்கொள்ளுமே" என்பீர்கள். உண்மைதான். சறுக்கும்போது ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியாகப் பிரேக் போட்டுக் காரை நிலைப்படுத்தும் கருவியை 1995-இல் போஷ் நிறுவனமும் மெர்சிடீஸும் சாலைக்குக் கொண்டுவந்தன. அது எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது. அதை வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு எனக்குப் பழமை மோகம் இல்லை. ஆனால் டயரின் உள்ளங்கை அகலம் இன்றும் உள்ளங்கை அகலம்தான். கணினியால் இல்லாத பிடியை உண்டாக்க முடியாது, இருப்பதைப் பங்கிட்டுக் கொடுக்கத்தான் முடியும். அது அமைதியாக வேலை செய்துகொண்டே இருப்பதால், எல்லை நெருங்கிவிட்டது நமக்குத் தெரியாமலே போய்விடுகிறது. டாஷ்போர்டில் வழுக்கும் காரின் படம் போட்ட மஞ்சள் விளக்கு மினுமினுத்தால், "ஏதோ விளக்கு எரிகிறது" என்று விட்டுவிடாதீர்கள். கார் உங்களுக்கு விடுகதை போட்டிருக்கிறது.

பட்டறையில் இதன் பயன் இன்னும் கண்கூடு. "ஒரு மாதிரி சத்தம் வருது, பாருங்க அண்ணே" என்று சாவியைக் கொடுத்துவிட்டு வருகிறோம். அவர் பாவம், எங்கே தேடுவார்? தேடும் நேரத்துக்கும் நாம்தான் காசு கொடுக்க வேண்டும். நான்கு கேள்விக்குப் பதில் வைத்துக்கொண்டு போங்கள். எப்போது வருகிறது? எந்தப் பக்கம்? எந்த வேகத்தில்? பிரேக் போடும்போதா, திரும்பும்போதா, நேராகப் போகும்போதா?

90 கிலோமீட்டரைத் தொட்டதும் ஸ்டியரிங் நடுங்கி, வேகம் மாறினால் நின்றுவிடுகிறது என்று சொன்னால், சக்கர பேலன்சிங்கை முதலில் பார்ப்பார். பிரேக் போடும்போது மட்டும் நடுங்குகிறது என்றால் பிரேக் தட்டைப் பார்ப்பார். பிரேக் போட்டால் இடப்பக்கம் இழுக்கிறது என்றால் ஒரு பக்கத்துப் பிரேக்கையும் டயர்க் காற்றையும் பார்ப்பார். விர்ரென்ற சத்தம் வளைவில் கூடிக் குறைகிறது என்றால் சக்கரத்தின் பேரிங்கைத் தொட்டுப் பார்ப்பார். பிரேக் மிதி கால் வைத்த பிறகும் மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது என்றால், அன்றைக்குக் காரைச் சாலையில் எடுக்கவே கூடாது. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். காரிலும் மணி முதலில் அடிக்கும். கேட்கும் காதுதான் வேண்டும்.

வீட்டில் ஒரு பயிற்சி

முடிக்கும் முன் உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். இன்று வீடு திரும்பும்போது பத்து நிமிடம் வானொலியை அணைத்துவிடுங்கள். கை, கால், காது, முதுகு ஆகிய நான்கும் என்ன சொல்கின்றன என்று கவனியுங்கள். இரவுச் சாப்பாட்டின்போது வீட்டில் விடுகதை போடுங்கள். "கிளம்பும்போது ஒரு முறை இருமும், மூன்றாவது கியரில் முனகும், மேட்டில் மூச்சு வாங்கும். யார் கார்?" பிள்ளைகள் "சித்தப்பா கார்!" என்று கத்துவார்கள். "சித்தப்பா காருக்கு ஏன் மூச்சு வாங்குகிறது?" என்று அடுத்த கேள்வியைப் போடுங்கள்.

உரிமம் எடுக்கும் வயதில் பிள்ளை இருக்கும் வீடுகளில் இது மிக முக்கியம். எத்தனை குதிரைத்திறன், எவ்வளவு நேரத்தில் நூறு கிலோமீட்டர் வேகம் என்று அவர்களுக்கு விளம்பரம் சொல்லிக் கொடுத்துவிடும். வளைவின் நடுவே கார் என்ன சொல்கிறது என்று விளம்பரம் சொல்லித் தராது. அதை நாம்தான் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, "இப்போது ஸ்டியரிங் கையில் எப்படி இருக்கிறது? சொல்லு பார்க்கலாம்" என்று கேட்டுக் கற்றுக் கொடுக்க வேண்டும். பதிலை வாயால் சொல்லப் பழகிய பிள்ளை, ஆபத்தைக் கையாலேயே படித்துவிடும்.

எல்லாரும் பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள்.